நான்கு கேள்விகளும் ஒரு கட்டைவிரலும்

வேதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் புத்தகங்கள் என்னிடம் ஒன்பது இருக்கின்றன. ஒன்பதையும் அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டேன். இரண்டைக் கரையான் தின்றுகொண்டிருக்கிறது. வீட்டில் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. ஒன்பதிலும் ஒரே எச்சரிக்கைதான்: ஒரு வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுக்காதே, அதற்கு முன்னே என்ன இருக்கிறது, பின்னே என்ன இருக்கிறது என்று பார். நானும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். பின்னே இருந்ததைப் படித்ததால் ஒரு மனிதனின் கை போனது. அது இந்த ஒன்பதில் ஒன்றிலும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து எட்டாவது வருஷம். தேவிபட்டினத்துக்கு வடக்கே நான்கு மைல் தள்ளி ஒரு சிறிய கடற்கரை ஊர். நாற்பத்தொரு வீடுகள், அதில் முப்பத்தாறு எங்கள் சபை. நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் கண்மாய்க்கரை ஊரில் பிறந்தவன். கடல் எனக்கு ஆகாது. அந்த உப்புக்காற்றில் பிடித்த சளி இந்த வயதிலும் விடவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் என்று அனுப்பினார்கள். போன பிறகுதான் உபதேசியார் வேலையும் என் தலையில் என்று தெரிந்தது. ராமநாதபுரத்திலிருந்து சபையின் குருவானவர், ஐயர் என்போம், மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து போவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை, புதன்கிழமை சாயங்காலம் வேதபாட வகுப்பு, இரண்டும் நான்தான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது.

ஊரின் கரைவலை ஒருவருக்குச் சொந்தம். சம்மாட்டி என்பார்கள். கரைவலைக்கு இரண்டு கயிறு, கயிற்றுக்கு இருபது ஆள், ஆக நாற்பது பேர் மணலில் நின்று இழுக்க வேண்டும். அந்த நாற்பது வீட்டு அடுப்பும் அவர் வலையை நம்பித்தான் எரிந்தது. பள்ளிக்கூடம் நின்ற மண் அவருடையது. நான் குடியிருந்த ஓலை வீடும் அவருடையது. சபைக்கு மூத்த மூப்பரும் அவர்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. விரல் வைப்பது என்பார்கள். முடிவு தெரியாத காரியம் எதுவானாலும் சம்மாட்டி கடல் தண்ணீரில் மூன்று முறை கை கழுவிவிட்டு, சபைக் கோயிலுக்குள் வந்து, துண்டால் கண்ணைக் கட்டிக்கொள்வார். பெரிய வேதத்தை மேசைமேல் நெட்டுக்குத்தலாக நிறுத்திக் கையை விடுவார். அது விழுந்து திறந்த பக்கத்தில் வலது கை ஆள்காட்டி விரலை வைப்பார். விரலுக்கு அடியில் இருக்கும் வசனம்தான் தீர்ப்பு. எழுத்தில்லாத ஓரத்தில் விரல் பட்டால் அன்று யாரும் கடலுக்குப் போகக் கூடாது. நான் கணக்கு வைத்தேன். பதினொரு முறை அப்படிப் போகாமல் இருந்தார்கள். பதினொரு முறையும் கடல் சும்மாதான் கிடந்தது. ஒரு கல்யாணப் பேச்சுக்கு விரல் வைத்தபோது ஒட்டகங்களின் எண்ணிக்கை வந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒட்டகம் ஏது என்று அந்தச் சம்பந்தத்தையே விட்டுவிட்டார்கள்.

இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றுதான் வகுப்பை ஆரம்பித்தேன். பயிற்சிப் பள்ளியில் எனக்கு நான்கு கேள்விகள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எந்த வசனத்தை எடுத்தாலும் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, கடைசியாக, இன்றைக்கு நாம் செய்ய வேண்டியது என்ன. பதினான்கு புதன்கிழமை இந்த நான்கையும் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு மனப்பாடம் ஆக்கினேன். பத்தொன்பது பேர் வந்தார்கள். அதில் மிகவும் தேர்ந்தவர் யார் என்றால் சம்மாட்டிதான். மூக்குக் கண்ணாடி, காதில் பென்சில், முதல் வரிசை. ஒரு புதன் வகுப்பு முடிந்ததும் என்னிடம் சொன்னார்:

“வாத்தியாரே, நான் யோசிச்சுப் பாத்தேன். விரலு வசனத்தைக் காட்டுது. உங்க நாலு கேள்வி அதுக்கு அர்த்தம் சொல்லுது. ரெண்டும் ஏன் சண்டை போடணும்? சேந்தே இருக்கட்டுமே.”

நான் மறுக்கவில்லை. பாதி வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். சபையில் நல்ல முன்னேற்றம் என்று ஐயருக்குக் கடிதம்கூட எழுதினேன்.

அந்த மாதத்தில் ஒரு நாள் கரைவலை இழுக்கும்போது வடக்குக் கயிற்றில் ஏழாவதாக நின்ற ஆள் கால் வழுக்கி விழுந்தான். கயிறு தளர்ந்து, வலையின் வாய் சரிந்து, மீன் பாதி வெளியே போய்விட்டது. சம்மாட்டி கயிற்று நுனியை எடுத்து, நாற்பது பேர் பார்க்க அவன் முகத்தில் ஒன்று வைத்தார். ஒரே அடி. உதடு இரண்டாகப் பிளந்தது. அவனுடைய மனைவி மீன் கூடையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி கயிற்றைப் பிடித்தான்.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது, காயப் போட்டிருந்த கரைவலையின் மடி கத்தியால் கிழிக்கப்பட்டுக் கிடந்தது. மீன் வந்து சேருகிற பை அது. அது இல்லாவிட்டால் வலையே இல்லை. ஏழு இடத்தில் கிழிசல். நானே எண்ணினேன். சின்னது ஒரு முழம், பெரியது ஒன்றரை ஆள் நீளம்.

ஆராதனை முடியும் வரை எல்லோரும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசீர்வாதம் சொல்லி நான் கண்ணைத் திறப்பதற்குள், உதடு பிளந்த அந்த ஏழாவது ஆளைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோயில் மணி கட்டியிருந்த மரத்தில் அவனைக் கட்டினார்கள். கயிற்றால் அடித்தார்கள். தண்ணீரில் நனைத்த கயிறு. அதன் சத்தம் வேறு மாதிரி இருக்கும். முப்பத்தொன்று வரை எண்ணினேன். அதற்குள் அவன் சட்டையும் தோலும் ஒன்றாகிவிட்டன.

“ஆமாலே! நான்தான் அறுத்தேன்!” என்று கத்தினான். “ஏழு இடத்தில அறுத்தேன். நேரம் இருந்திருந்தா இன்னும் அறுத்திருப்பேன்!”

இதைச் சொல்லிவிடுகிறேன். அவன் செய்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவன் செய்யவில்லை என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ள வழியில்லை.

அடி நின்றது. என்ன தண்டனை என்று கேள்வி வந்தது. ஒருவன் ஊரை விட்டு ஓட்டு என்றான். ஒருவன் கடலில் தள்ளு என்றான். சம்மாட்டி கையை உயர்த்தினார். “நம்ம சொல்லக் கூடாது. விரலு வைப்போம்” என்று கை கழுவப் போனார். நான் போலீசுக்குச் சொல்லலாம் என்றேன். தேவிபட்டினம் போக நான்கு மைல், வர நான்கு மைல். என்னோடு வர ஒருவரும் அசையவில்லை. தனியாகப் போயிருக்கலாம். போகவில்லை.

அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேதத்தை நிறுத்திக் கையை விட்டார். அது பட்டென்று விழுந்து திறந்தது. திறந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நியாயாதிபதிகளின் முதல் அதிகாரம். போன புதன்கிழமைதான் அதைத் தொடங்கியிருந்தோம். காற்றில் தாள் புரள்கிறது என்று நான் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, தையல் விட்டுப்போகிற அளவுக்கு விரித்திருந்தேன். ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தில் அந்தப் பக்கம் திறந்ததற்கு என் கைதான் காரணம்.

அப்போதே சொல்லியிருந்தால்? சொல்லவில்லை. இப்படி ஒரு சில்லறைக் காரணம் சொல்லி நிறுத்துவதைவிட, நான்கு கேள்விகளால் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். என் முறை வெல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

விரல் ஆறாம் வசனத்தில் இருந்தது. தோற்று ஓடிய ஒரு ராஜாவைத் துரத்திப் பிடித்து, அவனுடைய கை கால்களின் பெருவிரல்களை வெட்டிப்போட்டார்கள் என்று இருக்கும் இடம். சம்மாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்று உரக்கப் படித்தார். பிறகு பின்னாலிருந்து ஒருவன், “ரெண்டு கை, ரெண்டு காலு. நாலு” என்றான்.

கை பெருவிரல் இல்லாதவன் கயிறு பிடிக்க முடியாது. கால் பெருவிரல் இல்லாதவன் மணலில் ஊன்றி இழுக்க முடியாது. அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

“நிறுத்துங்க!” என்றேன். “நாலு கேள்வி கேட்காம ஒரு வசனத்தையும் எடுக்கக் கூடாதுன்னு படிச்சிருக்கோம்.”

“கேப்போம் வாத்தியாரே. அதுக்குத்தான படிச்சது” என்றார் சம்மாட்டி.

“யார் பேசுறது? ஒருத்தரும் பேசலை. நடந்ததை எழுதியிருக்கு, அவ்வளவுதான். ஆண்டவர் வெட்டுன்னு சொல்லலை.”

“ரெண்டாம் வசனத்தில ஆண்டவரு பேசுறாருல்ல? போன்னு சொல்றாரு. போகச் சொன்னவரு ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா உத்தரவு குடுப்பாரா? நான் இழுங்கன்னு ஒரு சத்தந்தான் குடுக்கேன். கண்ணி கண்ணியாவா சொல்லிக்கிட்டு நிக்கேன்?”

கூட்டத்தில் சிரித்தார்கள்.

“யாரிடம் சொன்னது? அந்தக் காலத்து யுத்த மனுஷருக்கு. நமக்கு இல்லை.”

“அப்ப நமக்குச் சொன்னது எதுங்க? இந்தப் புத்தகத்தில நம்ம ஊரு பேரு எங்கன இருக்கு, காட்டுங்க.”

வகுப்புக்கு நான் ஐந்தாம் வசனம் வரைதான் பாடம் தயார் செய்திருந்தேன். ஆறைத் தாண்டி என்ன வருகிறது என்று அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை. ஆனாலும் முறையின்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. முன்னும் பின்னும் பார்த்தால் எந்தக் கொடுமையும் நேராகிவிடும் என்று நம்பினேன்.

“மூணாவது கேள்வி!” என்று கத்தினேன். “அடுத்த வசனத்தைப் படிங்க. படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.”

படித்தார். விரல் போன அந்த ராஜாவே பேசுகிறான். எழுபது ராஜாக்களுக்கு நான் இப்படித்தான் விரல்களை வெட்டினேன், அவர்கள் என் மேசைக்கு அடியில் பொறுக்கித் தின்றார்கள், நான் செய்தது போலவே கடவுள் எனக்குச் செய்தார் என்கிறான்.

சம்மாட்டி புத்தகத்தை மெதுவாகத் தாழ்த்தினார்.

“பாத்தீகளா? வெட்டு வாங்குனவனே நியாயம்னு சொல்றான். இதுக்கு மேல சாட்சி வேணுமா?”

“செய்தது போலவே செய்வது என்றால்,” என்றேன், “இவன் யார் விரலை அறுத்தான்? வலையை அறுத்தான். ஏழு இடம். இவன் வலையை ஏழு இடத்தில் அறுங்க. கணக்குச் சரியாப் போச்சு.”

சம்மாட்டி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“அவனுக்கு வலை ஏது வாத்தியாரே? அவன் கைதான் அவனுக்கு வலை” என்றார்.

நான்காவது கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதிலை என் வகுப்பில் யாரும் அதுவரை சொன்னதில்லை.

அவன் மனைவி அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். புருஷனிடம் போகவில்லை. சம்மாட்டியிடமும் போகவில்லை. என்னிடம் வந்தாள். இரண்டு கையிலும் மணலை அள்ளி என் முகத்தில் வீசினாள்.

“மூடச் சொல்லுங்க! அந்தப் புத்தகத்தை மூடச் சொல்லுங்க வாத்தியாரே! படிக்கப் படிக்கத்தான வெட்டச் சொல்லுது!”

கண்ணில் மணலோடு நான் நின்றேன். அவனை மரத்திலிருந்து அவிழ்த்து, மீனுக்கு உப்புப் போடும் பலகையை இழுத்துப் போட்டார்கள். நாலு, நாலு என்று குரல்கள். எனக்கு அப்போது கையில் மிச்சம் இருந்தது கணக்கு மட்டும்தான்.

“மடி ஒண்ணுதான!” என்று கத்தினேன். “ஒரு மடியைத்தான அறுத்தான்? ஒரு மடி, ஒரு விரல். ஒண்ணு போதும்!”

ஒன்று என்று சொன்ன வாய் என்னுடையது.

சம்மாட்டி தலையசைத்தார். “வாத்தியாரு கணக்குச் சரிதான். ஒண்ணு.”

கத்தியை அவர் தொடவில்லை. வடக்குக் கயிற்றில் ஆறாவதாக நிற்பவனிடம், அதாவது தினமும் அவனுக்கு முன்னால் நின்று அதே கயிற்றை இழுத்தவனிடம் கொடுத்தார். அவன் அழுதுகொண்டே வாங்கினான். நான்கு பேர் தோளையும் காலையும் அமுக்கினார்கள். முதல் வெட்டு எலும்பில் நின்றது. கட்டப்பட்ட மாடு மாதிரி ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது வெட்டில் வலது கைக் கட்டைவிரல் பலகையிலிருந்து மணலில் விழுந்தது. ரத்தம் பலகை விளிம்பில் ஓடி, உப்பில் ஊறி, அங்கேயே கட்டியாக நின்றது. அவன் மனைவி குனிந்து அந்த விரலை எடுத்து, மணலை ஊதிவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகுதான் எல்லோருக்கும் கை கால் ஓடியது. பதறி ஓடி வண்டி கட்டினார்கள். அடித்தவனே தண்ணீர் கொண்டுவந்தான். தேவிபட்டினம் வரை மாட்டு வண்டி, அங்கிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ். கருவாட்டு மூட்டையோடு ஏறிய ஒரு மரைக்காயர் தன் தோள் துண்டை அவிழ்த்துக் கொடுத்து, “யா அல்லா, இது மூணாவது துணியா நனையுது. கையை மேல தூக்கிப் பிடிம்மா” என்றார். அவள் பதினோரு மைலும் அந்தக் கையைத் தன் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பஸ்ஸில் அவன் ஒருமுறைதான் பேசினான்.

“போலீசு கீலீசுன்னு போயிறாதீங்க வாத்தியாரே. நாப்பது வீடு அந்த வலையில தின்னுது. நானும் அங்கனதான் திரும்பணும்.”

ஆஸ்பத்திரியில் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, “இதைத் தைச்சு விட்டுருங்க சாமி” என்றாள். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு தட்டில் வைத்தார். தைக்க முடியாது என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எப்படி ஆச்சு?”

“கரைவலைக் கயிறு சுற்றி அறுத்துவிட்டது.”

“கயிறு இவ்வளவு நேரா அறுக்குமா?”

“அறுக்கும்.”

“முதுகையும் கயிறுதான் இப்படிச் செஞ்சுதா?”

“ஆமாம்” என்றேன். அன்றைக்கு நான் அவரிடம் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதற்குள் ஒரு புதன்கிழமை போய்விட்டது. ஊருக்குத் திரும்பியபோது பலர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் இல்லாவிட்டால் நாலும் போயிருக்கும், மூன்றைக் காப்பாற்றிக் கொடுத்தார் என்றார்கள். அவர்கள் நாலிலிருந்து கழித்தார்கள். நான் அப்படிக் கழித்துப் பார்த்ததே இல்லை. என்னிடம் ஒன்று, அது ஒன்றாகவே இருக்கிறது.

அடுத்த புதன் வகுப்புக்கு யாரும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பத்தொன்பது பேரும் வந்தார்கள். சம்மாட்டி முதல் வரிசை, காதில் பென்சில். ஐந்தில் நிறுத்தியிருந்தோம், ஆறிலிருந்து தொடங்க வேண்டும். வேறு பாடம் எடுக்கலாம் என்றேன். “வரிசை தப்பக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீக” என்றார் சம்மாட்டி. ஆறைப் படித்தேன். ஏழைப் படித்துக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் மணலில் யாரோ உட்காரும் அசைவு தெரிந்தது. அவன்தான். அதுவரை ஒரு புதனும் வராதவன். இருபது பேர்.

“எனக்கு எழுத்துத் தெரியாது வாத்தியாரே. ஒரு சந்தேகம் கேக்கலாமா?” என்றான்.

“கேளு.”

“அந்த எழுபது ராசாமாரும் மேசைக்கு அடியில பொறுக்கித் தின்னாகன்னு படிச்சீக.”

“ஆமாம்.”

அவன் கட்டுப் போட்ட வலது கையால் மணலில் கிடந்த ஒரு சிறிய சிப்பியை எடுக்கப் போனான். நான்கு விரலும் அதைத் தள்ளியதே தவிர எடுக்கவில்லை. மறுபடி முயன்றான். நழுவியது. மூன்றாவது முறை மணலோடு சேர்த்து வாரினான். மணல் நின்றது, சிப்பி விழுந்துவிட்டது. கட்டுத் துணியில் புதிதாக ரத்தம் கசிந்தது.

“பொறுக்க ஏலலையே” என்றான். “எனக்காச்சும் இடது கை கிடக்கு. அவுகளுக்கு ரெண்டும் போச்சு. அப்ப நாய் மாதிரி தரையில வாயை வச்சுத்தான தின்னுருப்பாக? அதை ஏன் எழுதாம விட்டாக?”

வடக்குக் கயிற்றில் ஆறாவதாக நிற்பவன் தலையை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டான். நான் புத்தகத்தைப் பார்த்தேன். யார் பேசுகிறார் என்று அதில் இருந்தது. யாரிடம் என்று இருந்தது. முன்னும் பின்னும் இருந்தது.

சம்மாட்டி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அடுத்த வசனத்துக்குப் போங்க வாத்தியாரே” என்றார்.

போனேன். எட்டாம் வசனம். ஒரு பட்டணத்தைப் பிடித்து, அங்கிருந்தவர்களை வெட்டி, தீ வைத்ததைப் பற்றியது. நான்கு கேள்விகளையும் வரிசை தப்பாமல் கேட்டேன். பத்தொன்பது பேரும் பதில் சொன்னார்கள். இருபதாவது ஆள் எழுந்து போய்விட்டான்.